மந்தைக்கும் ஒரு வழி

நாள்தோறும் கால்கள் மிதிக்கும் வழியைத்தான் உலகம் பாதை என்று மதிக்கிறது. ஆண்டில் இருமுறை மட்டும் ஆட்டு மந்தை கடந்து செல்லும் நிலமோ மற்ற நாட்களில் வெறும் தரிசாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது. தரிசு என்று தோன்றிவிட்டால், அதை உழுவதற்கும் அதன்மேல் வீடு கட்டுவதற்கும் முன்வருவோர் பலர். ஆகவே, மந்தை வழியைக் காப்பது எவ்வாறு என்ற கேள்வி ஆட்சி செய்வோர்க்கு என்றும் எளிதாக இருந்ததில்லை. இக்கேள்விக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை கண்டு வந்த நாடு ஸ்பெயின். அந்நாட்டின் அனுபவம் நாமும் அறிந்து பயன் பெறத்தக்கது.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே லெயோன், சோரியா முதலிய பகுதிகளின் மலைப் புல்வெளிகள் குளிர்காலத்தில் பனியால் மூடப்படும். தெற்கே எஸ்திரமதுரா, அந்தலூசியாச் சமவெளிகளில் குளிர்காலத்தில் தழைக்கும் புல் கோடையில் கருகிப்போகும். எனவே ஆயர்கள் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கியும், வேனில் நெருங்கும்போது வடக்கு நோக்கியும் தம் மந்தைகளைப் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிச் சென்றனர். 1273-ஆம் ஆண்டில், கஸ்தீல் நாட்டு மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ இந்த ஆயர்களின் அமைப்பாகிய 'மெஸ்தா'வுக்குச் சாசனம் வழங்கினார்.

அன்றைய ஏற்பாட்டில் நம் கருத்தைக் கவருவது அதன் அளவுத் திட்டமேயாகும். பயிர் நிலங்களுக்கு இடையே செல்லும் பெருவழிக்கு அகலம் 90 'வாரா', அதாவது ஏறத்தாழ 75 மீட்டர். அடுத்த வகைக்கு அதில் பாதியான 45 வாரா. சிறுவழிக்கு 25 வாரா. வழியில் மந்தைகள் மேயலாம். ஆனால் தானிய வயல், திராட்சைத் தோட்டம், பழத்தோட்டம், வேலியிட்ட மேய்ச்சல் காடு, வைக்கோலுக்காக வளர்க்கும் புல்வெளி ஆகிய ஐந்தினுள் அவை நுழையலாகாது. வழியை யாரேனும் உழுதுவிட்டால் விசாரித்துத் தண்டிக்க ஊர் ஊராகச் செல்லும் நீதிபதிகளும் இருந்தனர். மன்னர்கள் இவ்வளவு அக்கறை காட்டியதற்குக் காரணம் ஆயர்பால் கொண்ட அன்பு மட்டுமன்று. மெரினோ ஆட்டின் கம்பளி கடல் கடந்து விலைபோயிற்று. கடந்து சென்ற மந்தைகளுக்கு அரசு சுங்கம் வாங்கிற்று. 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டுதோறும் இவ்வழிகளில் நடந்த ஆடுகள் சுமார் 30 லட்சம்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. ஆயர்களின் உரிமை உழவர்களுக்குச் சுமையாயிற்று. 1501-இல் பிறந்த சட்டம், மெஸ்தாவினர் ஒருமுறை குத்தகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலத்தை உடைமையாளர் எளிதில் திரும்பப் பெற இயலாதபடி செய்தது. 1795-இல் ஹோவெயானோஸ் என்ற அறிஞர் நிலச் சீர்திருத்தம் பற்றிய தம் அறிக்கையில் மெஸ்தாவின் சலுகைகளை வன்மையாகக் கண்டித்தார். 1836-இல் மெஸ்தா கலைக்கப்பட்டது. பின்னர் வந்த இருப்புப்பாதை ஆடுகளையும் ஏற்றிச் சென்றது. நடக்கும் மந்தை குறையக் குறைய, வயல்களும் வீடுகளும் சாலைகளும் வழியை இருபுறமும் நெருக்கின.

இருப்பினும், வழிகள் அடியோடு அழிந்துவிடவில்லை. இன்றும் ஏட்டளவில் அவற்றின் நீளம் சுமார் 1,25,000 கிலோமீட்டர். பரப்பு 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல். 1995-ஆம் ஆண்டின் சட்டம் இவற்றைத் தன்னாட்சி மாநிலங்களின் பொதுச் சொத்து என்று அறிவித்தது. இவற்றை விற்க இயலாது. நெடுங்காலம் அனுபவித்தோம் என்று கூறி எவரும் உரிமை கொண்டாடவும் இயலாது. காக்கும் முறையையும் சட்டம் வகுத்தது. முதலாவதாக, இன்ன வழி இன்ன அகலத்தில் இருக்கிறது என்று பதிவு செய்தல். அடுத்து, எல்லையை அளந்து வரையறுத்தல். அதன்பின் எல்லைக்கல் நடுதல். வழியை மாற்ற வேண்டுமானால் உள்ளூராட்சிகளைக் கலந்து, பொதுமக்கள் கருத்தையும் கேட்க வேண்டும். எடுத்த பரப்புக்கு ஈடான பரப்பில், மந்தை இடையறாது செல்லத்தக்க மாற்று வழியைத் தருதல் வேண்டும். நெடுஞ்சாலையோ இருப்புப்பாதையோ குறுக்கிடுமானால் மந்தை கடந்து செல்லக் கடவை அமைத்தல் வேண்டும்.

சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு மத்ரித் நகரமே சான்று. அதன் தென்கிழக்கே கலியானா என்னும் பழைய பெருவழியில் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவுக்கு, பல்லாண்டுகளாக ஏழை மக்கள் குடியேறி வீடு கட்டிக்கொண்டனர். 2011-இல் மாநிலச் சட்டம் ஒன்று அப்பகுதியை மந்தை வழி என்ற நிலையினின்று நீக்கிற்று. எனினும் குடியிருப்போரின் தொல்லை அதனோடு தீரவில்லை. 2020 அக்டோபரில் அதன் ஒரு பகுதியில் மின்சாரம் நின்றுபோய், குளிர்காலத்தில் குழந்தைகளும் முதியோரும் பெரிதும் அல்லலுற்றனர். ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு அவர்கள் துயரம் விளங்காததன்று. வழியும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டையும் உரிய காலத்தில் திட்டமிடாத ஆட்சி, பிற்பாடு ஏழையின் தலையிலேயே சுமையை இறக்குகிறது.

அதே மத்ரித் நகரில் மற்றொரு காட்சியும் உண்டு. 1994 முதல் இலையுதிர் காலத்தில் ஆயர்கள் நகரின் நடுவீதிகளின் வழியே ஆடுகளை ஓட்டிச் செல்லும் விழா நடைபெற்று வருகிறது. 1418-ஆம் ஆண்டு உடன்படிக்கையை நினைவூட்டி, ஆயிரம் ஆடுகளுக்கு 50 மரவெதி என்ற பழைய நாணயக் கணக்கில் நகராட்சிக்குச் சுங்கமும் செலுத்துகின்றனர். இது வேடிக்கை அன்று. நடந்து காட்டி உரிமையை நிலைநாட்டும் செயலாகும்.

இனி நம் நாட்டை நோக்குவோம். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் கீதாரிகள், அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்கு ஆடுகளை ஓட்டிச் சென்று கிடை போடுவதை நம்மிற் பலர் அறிவோம். வயலுக்கு எரு, ஆயருக்குக் கூலி, ஆட்டுக்குத் தீனி என மூவகைப் பயன் தரும் ஏற்பாடு அது. இமயத்துக் கத்தி ஆயர்களும் இராஜஸ்தானத்து ராய்காக்களும் இவ்வாறே பருவந்தோறும் இடம்பெயர்பவர்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், இடம்பெயரும் ஆயர்களுக்குக் காட்டில் மேய்ச்சல் உரிமையை ஏற்றுக்கொண்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட கிராமப் பொது நிலங்களை மீட்குமாறு மாநிலங்களைப் பணித்தது. ஆயினும் காட்டுக்கும் மந்தைவெளிக்கும் இடையே உள்ள வழி யாருடைய பொறுப்பு? வன உரிமைச் சட்டம் வன நிலத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் மந்தை நெடுஞ்சாலை ஓரத்தில், வண்டிகளுக்கு அஞ்சியே நடக்க வேண்டியிருக்கிறது.

ஸ்பெயின் கற்பிக்கும் பாடம் இதுவே: வரைபடத்தில் ஏறாத வழி வழியாக நிலைப்பதில்லை, ஏறிய வழியும் நடப்பாரின்றி நிலைப்பதில்லை. பஞ்சாயத்தும் நகராட்சியும் புதிய சாலைக்கும் குடியிருப்புக்கும் திட்டம் தீட்டும்போது, அவ்வழியே ஆண்டுக்கு இருமுறை வந்து போகும் ஆயரையும் அழைத்துக் கேட்டல் வேண்டும். திட்டம் தீட்டும் நாளில் அவர் ஊரில் இல்லாதிருக்கலாம். அதனாலேயே அவருக்கு ஊர் இல்லை என்று முடிவு செய்வது அறமாகாது.