இருபது நிமிஷச் சாப்பாடு

புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறப்பதென்றால் நம்மவர் முதலிற் செய்யும் காரியம் யாது? பஞ்சாங்கத்தைப் புரட்டுவதே. நல்ல நாளும் நல்ல நேரமும் குறிக்கப்படுகின்றன. வாயிலில் வாழைமரம் கட்டப்படுகிறது, பூசணிக்காய் உடைபடுகிறது, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கயிற்றிற் கோத்து நிலைவாயிலில் தொங்கவிடப்படுகின்றன. முதல் நாள் இனாம் சாப்பாடு. கூட்டம் தெருவை அடைக்கிறது. ஆறு திங்கள் கழித்து அத்தெரு வழியே போனால் கதவிற் பூட்டுத் தொங்குகிறது. எலுமிச்சம்பழம் மட்டும் வற்றி உலர்ந்து அவ்விடத்திலேயே இருக்கிறது.

தோட்டத்து ஆபீசிற் பிறர் கூலிக்குக் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், இவ்வாறு பூட்டப்பட்ட கடைகள் சிலவற்றை அறிவோம். முப்பதாண்டு மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணம் அக்கடைகளிற் கரைந்துபோனதையும், மனைவியின் நகை அடகுக்கடை ஏறித் திரும்பாமற் போனதையும் அறிவோம். காரணம் கேட்டால், "கிரகம் சரியில்லை" என்பார்கள். கிரகத்தின்மேற் பழி போடுவது எளிது. அது மறுத்துப் பேசாது. ஆனால் பணத்தை இழந்த குடும்பத்துக்கு அவ்விடை சோறு போடுமோ? ஆதலின், கடை வைத்துக் கெட்டு, மீண்டும் கடை வைத்து உயர்ந்த ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். அவர் நம் நாட்டவரல்லர். அவர் கடை வைத்த இடமும் நம் நாடன்று. எனினும் அவருடைய கணக்கு எந்நாட்டுக்கும் பொருந்தும் கணக்கு.

பிரெட் ஹார்வி என்பது அவர் பெயர். 1835-ல் லண்டன் மாநகரிற் பிறந்தவர். 1853-ல், மீசை முளையாத பருவத்தில், கையிற் சொற்பக் காசுடன் கப்பலேறி அமெரிக்காவின் நியூயார்க் துறையில் இறங்கினார். அங்கே ஓர் உணவுச்சாலையிற் சட்டி பானை கழுவும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு டாலர் சம்பளம். கழுவுமிடத்தில் தொடங்கிச் சமையற்கட்டு முழுவதையும் அவர் கற்றுக்கொண்டார். பின்னர் செயின்ட் லூயி நகரில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தக் கடை வைத்தார். 1861-ல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. கூட்டாளி கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு தென்னாட்டார் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான். கடை ஒழிந்தது.

ஹார்வி ஜோசியரைத் தேடிப் போகவில்லை. ரயில்வேயில் உத்தியோகம் தேடிப் போனார். ஓடும் தபால் வண்டியிற் கடிதம் பிரிக்கும் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு கன்ஸாஸ் மாகாணத்து லெவன்வர்த் ஊரிலிருந்துகொண்டு ரயிலுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏஜண்டானார். நம்மைப் போன்ற ஒரு கிராணி என்றே அவரைச் சொல்லலாம். அந்த உத்தியோகத்தில் அவர் ஓயாது பிரயாணம் செய்ய நேர்ந்தது. பிரயாணம் செய்தவர் பசித்தார். பசித்த இடத்திலேதான் அவருடைய இரண்டாவது கடைக்கு வித்து விழுந்தது.

அக்காலத்தில் அமெரிக்காவின் மேற்றிசை ரயில்களில் உணவு வண்டி கிடையாது. எஞ்சினுக்குத் தண்ணீரும் கரியும் ஏற்றுவதற்காக வண்டி சில நிலையங்களில் நிற்கும். அவ்விடத்தில் இறங்கிப் பிரயாணிகள் சாப்பிட்டுக்கொள்ளவேண்டும். பெரும்பாலும் இருபது நிமிஷமே அவகாசம். நாறிய இறைச்சியும், கல்லைப்போன்ற ரொட்டியும், கசந்த கோப்பியுமே கிடைக்கும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. சில கடைகளிற் பணத்தை முன்னதாக வாங்கிக்கொள்வார்கள். தட்டு மேசைக்கு வந்ததும் வண்டி புறப்படும் ஊதல் கேட்கும். பிரயாணி ஒரு வாய் உண்ணாமலே எழுந்து ஓடுவான். அவன் தொடாத அச்சோறு அடுத்த வண்டிக்காரனுக்கு விற்கப்படும். ரயில் சிப்பந்திகளுக்கும் அவ்வருமானத்தில் ஒரு பங்குண்டு. திரும்பி வந்து கேட்கமாட்டான் என்னும் ஒரே தைரியத்தால் நடந்த வியாபாரம் இது.

இந்த அநியாயத்தைக் கண்டவர் ஆயிரம் பேர். இதனை ஒழிப்பதே நல்ல வியாபாரம் என்று கண்டவர் ஹார்வி. 1875-ல் வேறொருவருடன் கூட்டுச் சேர்ந்து ஒரு ரயில் பாதையிற் கடை வைத்துப் பார்த்தார், அக்கூட்டு நிலைக்கவில்லை. தாம் வேலை செய்த ரயில் கம்பெனியிடம் தம் யோசனையைச் சொன்னார், அவர்கள் ஏற்கவில்லை. அதன்பின் சான்டா பே ரயில்வேயாரை அணுகினார். அவர்கள் இசைந்தார்கள். 1876-ன் தொடக்கத்தில், கன்ஸாஸ் மாகாணத்து டொப்பீகா நிலையத்தின் மாடியிலிருந்த சிற்றுண்டிச்சாலை ஹார்வியின் கைக்கு வந்தது.

அவ்வொப்பந்தத்தைக் கவனியுங்கள். கட்டடம் ரயில்வேயுடையது. சாமான்களைச் சத்தமின்றி ஏற்றிவந்து கொடுப்பதும் ரயில்வேயின் பொறுப்பு. சாப்பாட்டின் இலாபம் ஹார்வியைச் சேரும். நல்ல உணவு கிடைக்குமென்று நம்பி ஏறும் பிரயாணிகளின் டிக்கெட்டுப் பணம் ரயில்வேயைச் சேரும். ஒருவர் பெருகினாலன்றி மற்றவர் பெருகவியலாத ஏற்பாடு அது. வட்டிக்குக் கடன் வாங்கி, நடுத்தெருவில் அதிக வாடகைக்குக் கடை பிடித்து, முதல் மாத வாடகையிலேயே மூச்சுத் திணறும் நம்மவர்க்கு இதில் ஒரு பாடம் இல்லையோ?

திறப்பு நாளுக்காக அவர் செய்த ஆயத்தம், இடத்தைத் தேய்த்துக் கழுவியதும், வெள்ளை மேசைவிரிப்பு விரித்ததும், புதிய சரக்கைத் தருவித்ததுமே. இரண்டாண்டு கழித்து, 1878-ல், பிளாரன்ஸ் என்னும் சிற்றூரில் தங்கும் விடுதியோடு கூடிய உணவுச்சாலை ஒன்றைத் திறந்தபோது, சிகாகோ நகரின் பெயர்பெற்ற பால்மர் ஹவுஸ் ஹோட்டலிலிருந்து சமையற்காரரை அழைத்து வந்தார். ஊரோ சிறிது. ஆயினும் அவர் ஊரை எண்ணவில்லை; அவ்வூர் வழியே போகும் வண்டிகளையே எண்ணினார்.

இனி, இருபது நிமிஷத்துக்குள் வண்டி நிறைந்த மக்களுக்கு வயிறாரச் சோறு போட்ட விதத்தைப் பார்ப்போம். இதிலே மாயமில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரயில் சிப்பந்தி பெட்டி பெட்டியாகச் சென்று, சாப்பிடுவோர் எத்தனை பேர் என்று கேட்டெழுதிக்கொள்வார். அத்தொகை தந்தி மூலம் அடுத்த நிலையத்துக்குப் போகும். நிலையத்தை நெருங்கும்போது எஞ்சின் ஊதும். ஊதல் கேட்டதும் முதற்பதார்த்தம் மேசைக்கு வந்துவிடும். பிரயாணிகள் உள்ளே வந்தமர்ந்தவுடன் பணிப்பெண் ஒவ்வொருவரிடமும், கோப்பியா தேநீரா பாலா என்று கேட்டு, விடைக்கேற்பக் கோப்பையை நிமிர்த்தியோ கவிழ்த்தோ வைப்பாள். பின்னால் வருபவள் வாய் திறவாமலே, கோப்பை இருக்கும் நிலையைக் கண்டு அவரவர் கேட்டதை ஊற்றிச் செல்வாள். பிரயாணிக்கு அது வியப்பாயிருக்கும். கடைக்கோ அது கணக்கு.

கோப்பியை இரண்டு மணிக்கொருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகப் போடவேண்டுமென்பது அவருடைய சட்டம். மற்றக் கடைகளில் ஆறாக வெட்டிய பழப் பணியாரத்தை அவர் நான்காகவே வெட்டச் செய்தார். அவரைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஓரிடத்து மானேஜர் மாதந்தோறும் வந்த நஷ்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று பெருமையோடு தெரிவித்தாராம். எப்படிக் குறைந்தது என்று விசாரித்ததில், தட்டில் வைக்கும் பங்கைக் குறைத்தது தெரியவந்தது. உடனே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார் ஹார்வி என்பார்கள். கதை மிகைப்பட்டதாகவே இருக்கட்டும். அதன் கருத்து மிகையன்று. புதுக்கடைக்கு நஷ்டம் வந்தால் முதலில் மெலிவது நம்மவர் கடையில் மீன்துண்டு. அடுத்து மெலிவது கூட்டம்.

1883-ல் நியூ மெக்ஸிக்கோவைச் சேர்ந்த ராட்டன் என்னும் ஊரிற் பரிமாறும் ஆண்களிடையே அடிதடி நேர்ந்தது. அதுமுதல் ஹார்வி பெண்களைப் பரிமாற அமர்த்தலானார். நல்லொழுக்கமுடைய, பதினெட்டு முதல் முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் வேண்டுமென்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். மாதம் 17.50 டாலர் சம்பளம். உணவும் உறையுளும் கடையினுடையவை. இரவு பத்து மணிக்கு விடுதிக் கதவு அடைபடும். உணவுச்சாலையில் வேலை செய்யும் பெண்ணை உலகம் இழிவாகப் பார்த்த அக்காலத்தில், அவ்வேலைக்கு ஒரு கௌரவம் உண்டாயிற்று. கறுப்பு உடையும் வெள்ளை மேலாடையும் அணிந்து, தம் சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்த அப்பெண்கள் "ஹார்வி கேர்ல்ஸ்" எனப் பெயர் பெற்றனர். 1946-ல் அவர்களைப் பற்றி ஒரு சினிமாப் படமே வெளிவந்தது.

நிற்க. புகழ்வதை மட்டும் எழுதி, குறையை மறைப்பது வரலாறு ஆகாது. அவ்வேலைக்கு நெடுங்காலம் வெள்ளைப் பெண்களே எடுக்கப்பட்டனர். கறுப்பின மக்களும் மெக்ஸிக்கோ வழிவந்தவர்களும் பெரும்பாலும் சமையற்கட்டிலும் பின்கட்டிலும் உழைத்தனர். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தபின்னரே, மெக்ஸிக்கோ வழிவந்த பெண்களும் செவ்விந்தியப் பெண்களும் பரிமாறும் வேலையில் ஓரளவு இடம் பெற்றனர். சமைத்த கை ஆகும், பரிமாறும் கை ஆகாதென்றால் அது என்ன நியாயம்? அவர்களைப் பழிக்குமுன் நம் கதையையும் நினைக்கவேண்டும். தென்னிந்திய ரயில் நிலையங்களில் பிராமணருக்கு ஓரிடம், மற்றையோருக்கு வேறிடம் என்று உணவுச்சாலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். சுயமரியாதை இயக்கத்தார் எதிர்த்துக் கிளர்ந்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. ஒரே வண்டியில் வந்த பசிக்கு இரண்டு அறை வைத்த நாடு நம் முன்னோர் நாடு.

1901-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹார்வி மறைந்தபோது, அவருடைய உணவுச்சாலைகள் ரயில் பாதை நெடுகப் பரவியிருந்தன. ஓடும் உணவு வண்டிகளும் அவர் வசம் வந்திருந்தன. மக்கள் அவர் பெயராலேயே தொழிலை நடத்தினர். மோட்டார் வண்டியும் விமானமும் பெருகி ரயில் பிரயாணம் குன்றியபின், 1968-ல் அக்கம்பெனி பிறர் கைக்கு மாறிற்று. ஒரு மாடி அறையில் தொடங்கிய கடை தொண்ணூற்றிரண்டு ஆண்டு நின்றது.

தோழர்களே! அவர் எந்த நட்சத்திரத்திற் கடை திறந்தார் என்று யாரும் கேட்கவில்லை. யாருக்குப் பசிக்கிறது, எப்போது பசிக்கிறது, அவர்க்கு எவ்வளவு நேரம் உண்டு, இன்று அவரை ஏமாற்றுபவர் யார் என்னும் நான்கு கேள்விக்கும் விடை கண்ட பின்னரே அவர் அடுப்பு மூட்டினார். நம் ஊர்களிலும் அக்கேள்விகள் விடையின்றிக் கிடக்கின்றன. விடியுமுன் ஐந்து மணிக்குச் சாலையோரத்தில் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நிற்கும் நம் பெண்களைப் பாருங்கள். வெறும் வயிற்றோடு ஏறுகிறார்கள். நம்மவர் கடையோ ஏழு மணிக்குச் சாமிக்குச் சூடங்காட்டிய பின்னரே திறக்கிறது. சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு இடம் பார்க்கப் புறப்படும் தோழர், பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு வாரம் அந்தப் பஸ் நிற்குமிடத்திற் போய் நின்று ஆட்களை எண்ணட்டும். கணக்கெழுதத் துணை வேண்டுமானால் நாம் வருகிறோம்.