சமையலறைச் சுவரில் தொங்கிய கித்தார்

அமெரிக்க நாட்டார் இசைக்குள் நுழையும் நம் தோழர்கள் பெரும்பாலும் உடி கத்ரீ, பீட் சீகர், பாப் டிலன் என்ற வரிசையில்தான் தொடங்குகிறார்கள். மூவரும் கேட்கப்பட வேண்டியவர்களே. ஆனால் அவர்களுக்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு பெண் இருக்கிறார். எலிசபெத் காட்டன். கறுப்பினப் பெண், வீட்டுவேலை செய்து பிழைத்தவர். அவர் 'கண்டுபிடிக்கப்பட்ட' கதையைப் பலரும் வியந்து சொல்கிறார்கள். கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர் எங்கே தொலைந்து போயிருந்தார் என்பதுதான் நம் கேள்வி.

1893இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் அருகே பிறந்தார். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 28 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய பாஞ்சோவை எடுத்துப் பழகினார். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வீட்டுவேலைக்குப் போக நேர்ந்தது. மாதம் ஒரு டாலரைத் தாண்டாத அந்தக் கூலியைச் சேர்த்து 3 டாலர் 75 சென்டுக்கு ஒரு கித்தார் வாங்கினார். இடதுகைப் பழக்கம் உள்ளவர். வலதுகைக்காரர்களுக்காகச் செய்த கித்தாரை அப்படியே தலைகீழாகப் பிடித்தார். மற்றவர்கள் கட்டைவிரலால் மீட்டும் கனத்த தந்திகளை இவர் மற்ற விரல்களால் மீட்டினார். மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார். எந்த ஆசிரியரும் சொல்லித் தராத இந்த முறைக்குப் பிற்காலத்தில் அவர் பெயரே வழங்கியது.

வீட்டருகே ஓடிய ரயிலைக் கேட்டு வளர்ந்த அந்தச் சிறுமி 11, 12 வயதில் கட்டிய பாட்டுதான் 'ஃப்ரெய்ட் டிரெயின்'. பிறகு திருமணம், குழந்தை, ஓயாத வேலை. உலகியல் பாட்டுகளை விட்டுவிடச் சொன்னது திருச்சபை. கித்தார் பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டது.

1940களின் இறுதியில் வாஷிங்டனில் ஒரு பெரிய அங்காடியில் வேலை செய்தபோது, கூட்டத்தில் தொலைந்த ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். சிறுமி பெகி சீகர். தாய் ரூத் க்ராஃபோர்ட் சீகர், இசையமைப்பாளர். அந்தப் பழக்கத்தில் அவர்கள் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். நாட்டார் பாடல்களைத் தொகுத்து, இசைக்குறிப்பு எழுதி, ஆராய்ந்துகொண்டிருந்த வீடு அது. அந்த வீட்டுச் சமையலறையில் நின்றவரோ அப்படியொரு பாடகர். சுவரில் தொங்கிய கித்தாரை ஒருநாள் அவராகவே எடுத்து வாசிக்கும்வரை அங்கே யாருக்கும் அது தெரியவில்லை. பாட்டைத் தேடிப் போனவர்களின் வீட்டிலேயே பாடகர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இதைத் தனிமனிதரின் குற்றமாக நாம் பார்க்கவில்லை. வேலைக்காரியிடம் வேலையை மட்டுமே பார்க்கப் பழக்கும் சமூக அமைப்பு அது.

அதன்பின் நடந்தது இன்னும் கசப்பானது. பெகி அந்தப் பாட்டை இங்கிலாந்தில் பாடினார். கேட்ட இருவர் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டனர். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய இசைத்தட்டு அங்கே பெருவெற்றி பெற்றது. பாட்டைக் கட்டியவரோ அப்போதும் வீட்டுவேலையில் இருந்தார். சீகர் குடும்பத்தினர் துணைநின்று உரிமை கோரிய பிறகே அவர் பெயர் அந்தப் பாட்டில் ஏறியது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லூசியானா சிறையில் லெட் பெல்லியை 1933இல் சந்தித்துப் பதிவு செய்தவர் ஜான் லோமாக்ஸ். 'குட்நைட் ஐரீன்' பாட்டின் உரிமையில் லோமாக்ஸின் பெயரும் சேர்ந்தது. 1949 டிசம்பரில் லெட் பெல்லி இறந்தார். அடுத்த ஆண்டே வெள்ளையர் குழுவான வீவர்ஸ் பாடி அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

காட்டனின் முதல் இசைத்தட்டு வந்தது 1958இல், அவருடைய 65ஆம் வயதில். மைக் சீகர் பதிவு செய்தார். 1960களில் வந்த 'ஷேக் சுகரீ' தொகுப்பின் தலைப்புப் பாட்டைக் கொள்ளுப்பேரக் குழந்தைகளோடு சேர்ந்து கட்டினார். பாடியவர் கொள்ளுப்பேத்தி. வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போவதைச் சிரிப்போடு சொல்லும் பாட்டு அது; அடகுக்கடைப் படியேறிய நம் வீடுகளுக்கு அந்தச் சிரிப்பு புரியும். 1985இல் 92 வயதில் கிராமி விருது பெற்றார். 1987இல் மறைந்தார்.

கறுப்பின மக்களின் போராட்டத்தோடு நம் உறவு புதிதல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே பிளாக் பேந்தர்ஸிடமிருந்து எடுத்தது. அந்த உறவைக் காதாலும் தொடரலாம்.

களப்பணிக்குப் போகும் ஊர்களில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் சொந்தமாகக் கட்டும் பெண்களை நாங்கள் பார்க்கிறோம். ஏட்டில் ஏறும்போது அவை வெறும் 'நாட்டுப்புறப் பாடல்' ஆகிவிடுகின்றன. தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும், பாடியவர் பெயர் இருக்காது. ஊரே சேர்ந்து வளர்த்த பாட்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டியவர் கண்முன் உட்கார்ந்திருக்கும்போதே அதை 'மக்கள் பாட்டு' என்று சொல்லிக் கடந்துபோவது பறிப்பதுதான்.

'ஃப்ரெய்ட் டிரெயி'னைக் காட்டனின் குரலிலேயே முதலில் கேளுங்கள். அடுத்த முறை நம் ஊர் அக்கா ஒருவரின் பாட்டைக் கைப்பேசியில் பதியும்போது, முதலில் அனுமதி கேளுங்கள். அவர் பெயரையும் ஊரையும் பாட்டோடு சேர்த்து எழுதுங்கள். அந்தப் பாட்டால் காசு வந்தால், அது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.