கையேடு ஜெராக்ஸ் கடைக்கு வந்த வழி

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். 1981-ல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு, ஆர்டர்களின் பின்னாலேயே ஜப்பானிய ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களும் ஜெர்மானிய நிட்டிங் மிஷின்களும் வரத் தொடங்கின. கூடவே கையேடுகளும் வந்தன. எந்த ஊசி போடுவது, நூலை எப்படிக் கோப்பது, எண்ணெய் எங்கே விடுவது, உடைந்த பாகத்துக்கு என்ன எண் சொல்லிக் கேட்பது என்பதெல்லாம் அதில்தான் இருந்தன.

கையேடு ஒன்று, அது தேவைப்பட்டவர்களோ பலர்.

அந்தக் காலத்தின் மலிவான நகல்முறை சைக்ளோஸ்டைல். மெழுகு ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, உருளையில் மாட்டிச் சுற்றினால் நூற்றுக்கணக்கில் நோட்டீஸ் கிடைத்துவிடும். ஆனால் இயந்திரக் கையேட்டின் உயிர் எழுத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. லூப்பரையும் பல்சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் அந்த மெல்லிய கோடுகளை ஸ்டென்சிலில் கையால் கீறி எடுப்பது பெரும்பாடு.

படத்தையும் எழுத்தையும் ஒரே மூச்சில் நகலெடுக்கும் வழியை செஸ்டர் கார்ல்சன் 1938-லேயே நியூயார்க்கில் செய்து காட்டிவிட்டார். அது ஜெராக்ஸ் 914 என்ற இயந்திரமாக விற்பனைக்கு வர 1959 ஆயிற்று. கிட்டத்தட்ட 300 கிலோ எடை. நிமிடத்துக்கு ஏழு பிரதி. விலை அதிகம் என்பதால் அதை மாத வாடகைக்கு விட்டார்கள். 95 டாலர் வாடகைக்குள் 2,000 பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பிரதிக்குச் சில சென்ட். நம்மூர் ஜெராக்ஸ் கடையில் ‘பக்கத்துக்கு இவ்வளவு’ என்று சொல்லும் கணக்குக்கு இது மூத்த கணக்கு. இந்தியாவில் 1983-ல் மோடி ஜெராக்ஸ் தொடங்கப்பட்டு, உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் ஆலை அமைந்தது. பிறகு எஸ்.டி.டி. பூத்துகளின் ஓரத்திலும் நகல் இயந்திரம் இடம்பிடித்தது.

இயந்திரம் வெளியூர்ச் சரக்கு என்றாலும் தாள் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1960-களிலேயே ஓடத் தொடங்கியது. தமிழக அரசு 1979-ல் தொடங்கிய டி.என்.பி.எல்., கரூர் மாவட்டம் புகளூரில் 1984-ல் உற்பத்திக்கு வந்தது. அதன் முதன்மை மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவற்றுக்கு வேறு எரிபொருளையோ நீராவியையோ கொடுக்கும் ஏற்பாடு இது. செய்தித்தாள் காகிதத்துக்காகப் பிறந்த அந்த ஆலை பின்னாளில் ஏ4 நகல் தாளும் தயாரித்தது.

ஏ4 என்ற அளவும் செலவைக் குறைத்தது. 1922-ல் ஜெர்மனி வகுத்த தர அளவு அது. தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் நீள அகல விகிதம் மாறாது. ஆகவே இரண்டு பக்கங்களைச் சுருக்கி ஒரே முகத்தில் அடித்தாலும் படம் கோணாது. ‘பிரண்ட் அண்ட் பேக்’ அடித்தால் ஒரு தாளில் நான்கு பக்கம் அடங்கிவிடும்.

அடோபி 1993-ல் பி.டி.எஃப். கோப்பு வடிவத்தை வெளியிட்டது. நாளடைவில் ஜூகி, பிரதர் போன்ற தையல் மிஷின் நிறுவனங்கள் கையேடுகளை இணையத்திலேயே வைத்தன. அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது, வீட்டில் ஒற்றை மிஷின் போட்டுத் தைப்பவரின் போனுக்கே வந்துவிட்டது. ஆனால் நூல் கோக்கும் கையால் போன் திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பது சிரமம். அதனால் கோப்பு மறுபடி தாளுக்குத் திரும்பியது. 2010-ல் எப்சன் இந்தோனேசியாவில் அறிமுகம் செய்த இங்க் டேங்க் பிரிண்டர் அடுத்து இந்தியாவுக்கும் வந்தபோது, கார்ட்ரிட்ஜ் விலைக்குப் பயந்தவர்கள்கூட வீட்டிலேயே அச்சடிக்கத் துணிந்தார்கள்.

பைண்டிங்கில் பழைய முறை, தாள்களை மடித்து நூலால் தைத்து, முதுகில் கலிக்கோ துணி ஒட்டுவது. கணக்குப் பேரேடுகள் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் தாங்கின. ஜெராக்ஸ் கடைகள் ஸ்பைரலுக்கு மாறின. மிஷின் பக்கத்தில் விரித்து வைத்தால் அது தானாக மூடிக்கொள்ளாது. வேண்டிய பக்கத்தைப் பின்னால் மடித்தும் வைக்கலாம். துளை ஓரம் கிழிவது மட்டும்தான் குறை. சிறிய கையேட்டுக்கு ஸ்பைரலும் வேண்டியதில்லை. பதினைந்து ஏ4 தாளை நடுவே மடித்தால் அறுபது பக்கப் புத்தகம். மடிப்பில் மூன்று துளையிட்டுக் கெட்டி நூலால் தைத்தால் போதும். ஊசிக்கும் நூலுக்கும் திருப்பூரில் பஞ்சமில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடத்துக்காகத் தொகுத்த நகல்களுக்கும் இதே பிரிவின் கல்விக்கான விலக்கு பொருந்தும் என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகலெடுத்து விற்பது வேறு கதை.

கோப்பைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பல கையேடுகளில் ஒரே செய்தி நான்கைந்து மொழிகளில் இருக்கும். வேண்டிய பக்க எண்களை மட்டும் குறித்துக் கொடுத்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும்.