இந்தக் கேள்விகளை யார் கேட்டார்கள்? கிரான்ஃபீல்டு சோதனைகளும் கணினியியல் ஆய்வு முறையும்

மொழியியலில் முதுகலை முடித்த பிறகு, கணினியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஹைதராபாதுக்கு வந்தேன். முதலாண்டின் கட்டாயப் பாடங்களுள் ஒன்று ஆய்வு நெறிமுறை. கருதுகோள், மாறிகள், மாதிரி அளவு, மேற்கோள் முறை, கருத்துத் திருட்டு என்று வரிசையாகக் கற்றோம், தேர்வெழுதினோம், மறந்தோம். ஒரு முறை இன்னொரு முறையைவிட மேலானது என்று எதைக் கொண்டு சொல்கிறோம் என்ற கேள்வி அந்தப் பாடத்தில் எங்கும் எழவில்லை. அதை நான் கற்றது சொந்தத் தவறொன்றின் வழியாகத்தான்.

என் முதல் முயற்சி எளியது. அரசு அலுவலகங்களின் தமிழ் அறிவிப்புகளையும் வழிகாட்டிக் குறிப்புகளையும் திரட்டிச் சிறு தொகுப்பொன்றை அமைத்தேன். கேள்வி கேட்டால் உரிய பத்தியை எடுத்துத் தரும் நிரல் ஒன்றையும் எழுதினேன். அதைச் சோதிக்கக் கேள்விகள் வேண்டும். தமிழ் என் தாய்மொழி. போதாக்குறைக்கு மொழியியல் பட்டம் வேறு. ஆகவே கேள்விகளை நானே எழுதினேன். ஒவ்வொரு பத்தியையும் வாசித்து, அது விடையாக அமையும்படி ஒரு கேள்வியை உருவாக்கினேன். நிரல் ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் சரியான பத்தியை முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. மகிழ்ச்சியோடு நெறியாளரிடம் காட்டினேன். அவர் அட்டவணையின் எண்களைப் பொருட்படுத்தவில்லை. "இந்தக் கேள்விகளை யார் கேட்டார்கள்?" என்று மட்டும் வினவினார்.

பிறகு ஊரிலுள்ள உறவினரிடமும் நண்பரிடமும், பத்திகளைக் காட்டாமல், அவர்களுக்கு உண்மையில் எழுந்த ஐயங்களைக் கேட்டு வாங்கினேன். ஆவணத்தில் 'குடிநீர்க் கட்டணம்' என்று இருந்தது. நான் எழுதிய கேள்வியிலும் 'குடிநீர்க் கட்டணம்' என்றே இருந்தது. என் சித்தி கேட்டதோ, "தண்ணி வரி எங்க கட்டணும்?" என்று. புதிய கேள்விகளில் பாதிக்கு மேல் நிரல் தவறிற்று. முதல் சோதனையில் நான் அளந்தது நிரலின் திறனை அன்று. பத்தியிலிருந்து என் கேள்விக்குள் கசிந்த சொற்களை.

வெட்கத்தோடு பழைய இலக்கியங்களைப் புரட்டியபோது ஓர் ஆறுதல் கிடைத்தது. இதே பிழையின் பேரில் 60 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரும் விவாதமே நடந்திருக்கிறது. அதன் நடுவில் நின்றவர் ஒரு நூலகர். அக்கதையின் ஓர் இழை சீர்காழியிலிருந்து தொடங்குகிறது.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். லண்டனில் நூலகவியல் பயின்று திரும்பியவர், 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். உலகின் பொருள்கள் அனைத்தையும் முன்கூட்டியே ஒரு மரமாகக் கிளைபிரித்து வைப்பதற்கு மாறாக, ஒவ்வொரு நூலின் பொருளையும் தனித்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் முகங்களாகப் பகுத்து, பின் அவற்றை இணைத்து எண்ணிடுவது அவர் வழி. மொழியியல் படித்தவர்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது. சிறு கூறுகளைச் சேர்த்துப் பெருந்தொடர்களை ஆக்கும் இலக்கண அமைப்பை ஒத்தது அது. 1952-ல் லண்டனில் உருவான வகைப்பாட்டு ஆய்வுக் குழு இச்சிந்தனையைத் தழுவிக்கொண்டது. தகவல் மீட்பு முறைகள் அனைத்துக்கும் பன்முகப் பகுப்பே அடிப்படையாக வேண்டும் என்று 1955-ல் அக்குழு ஓர் அறிக்கையும் வெளியிட்டது.

அக்காலத்தில் இது ஏட்டுப் பூசல் அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறிவியல், பொறியியல் அறிக்கைகள் மலைபோல் குவிந்தன. வேண்டிய அறிக்கை கைக்கு எட்டாவிட்டால், செய்த ஆய்வையே மீண்டும் செய்ய நேரும். ஐரோப்பிய நூலகங்கள் பலவற்றில் உலகப் பதின்மப் பகுப்பு வழக்கில் இருந்தது. பிறர் அகரவரிசைப் பொருட்டலைப்புகளை நம்பினர். அமெரிக்காவில் மார்ட்டிமர் டாப், வகைப்பாடே வேண்டாம், ஆவணத்திலுள்ள தனிச்சொற்களே போதும் என்று 'யூனிடெர்ம்' முறையை முன்வைத்தார். ஒவ்வொரு தரப்பும் தன் முறையே சிறந்தது என்றது. சான்றாகத் தந்தவை தருக்கமும் அனுபவமும் அதிகாரமுமே.

1953-ல் அமெரிக்காவில் ஒரு நேரடிப் போட்டி நடந்தது. 15,000 ஆவணங்கள், 98 கேள்விகள், இரு குழுக்கள். முடிவில் எது வென்றது என்பதே தெரியவில்லை. எந்த ஆவணம் எந்தக் கேள்விக்குப் பொருத்தமானது என்பதில் இரு குழுக்களும் உடன்படாததால், போட்டி மதிப்பெண்ணிடலிலேயே முறிந்தது.

இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன் இத்தோல்வியிலிருந்து பாடம் கற்றார். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 1950-களின் இறுதியில் அவர் தொடங்கிய சோதனையின் அமைப்பு, இன்றைய மாணவருக்கும் வியப்பளிக்கும். வானூர்தியியல் சார்ந்த 18,000 ஆவணங்கள். முன்சொன்ன மூன்றோடு பன்முகப் பகுப்பும் சேர்த்து நான்கு முறைகள். அனுபவத்தில் வேறுபட்ட மூன்று சுட்டியாளர்கள். ஓர் ஆவணத்துக்கு 2, 4, 8, 12, 16 நிமிடங்கள் என ஐந்து கால அளவுகள். எது மாறலாம், எது மாறாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் வரையறுக்கப்பட்டிருந்தது. மாறிகளைப் பற்றி நாங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்த பத்தியைவிட இந்த ஒரு வடிவமைப்பு எனக்கு அதிகம் கற்பித்தது.

பொருத்தம் பற்றிய சண்டையைத் தவிர்க்க அவர் ஓர் உத்தியைக் கையாண்டார். வெளியாட்களிடம் தொகுப்பிலுள்ள ஆவணங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் விடையாகக்கூடிய கேள்வியை எழுதச் சொன்னார். அவ்வாறு 1,200 கேள்விகள் கிடைத்தன. எந்த ஆவணத்திலிருந்து கேள்வி பிறந்ததோ, அந்த மூல ஆவணம் தேடலில் கிடைத்தால் வெற்றி, கிடைக்காவிட்டால் தோல்வி. தீர்ப்பில் சச்சரவுக்கு இடமில்லை. 1962-ல் வெளியான முடிவு அனைவரையும் திகைக்க வைத்தது. நான்கு முறைகளின் வெற்றி வீதங்களும் ஏறத்தாழ 74 முதல் 82 விழுக்காட்டுக்குள் அடங்கின. ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட தரப்புகளுக்கிடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான். கிளெவர்டன் அத்தோடு நிற்கவில்லை. தோற்ற தேடல்களை எடுத்து ஏன் தோற்றன என்று ஆராய்ந்தார். பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் சுட்டியிட்டவரின் பிழை. முறையின் குறையால் நேர்ந்தவை மிகச் சில.

உடனே எதிர்ப்புகள் கிளம்பின. அவற்றுள் கூர்மையானது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் 1965-ல் எழுதிய கட்டுரை. ஆவணத்தைப் பார்த்து எழுதப்பட்ட கேள்வி அந்த ஆவணத்தின் சொற்களையே எதிரொலிக்கும். அத்தகைய கேள்வியைக் கொண்டு செய்யும் சோதனை மெய்யான தேடலைப் பிரதிபலிக்காது என்பது அத்திறனாய்வின் சாரம். நெறியாளர் என்னிடம் கேட்ட கேள்வி இதுவேதான்.

இவ்விடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிளெவர்டனின் பிழை அறியாமையால் விளைந்ததன்று. 1953-ன் நோய்க்கு அவர் கண்ட மருந்தே அடுத்த நோயாயிற்று. தீர்ப்பாளர்களின் கருத்து வேறுபாட்டை அகற்றப் போய், கேள்விக்கும் விடைக்குமிடையே செயற்கையான உறவொன்றை அவர் உருவாக்கிவிட்டார். ஆய்வு முறைகளின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. இவ்வரலாற்றை நீக்கிவிட்டு விதிகளை மட்டும் கற்பித்தால், அவை ஏன் விதிகளாயின என்பது மாணவருக்கு விளங்குவதில்லை.

குறை வெளிப்பட்டபின் ஆய்வாளர் என்ன செய்கிறார் என்பதே அடுத்த பாடம். 1963-ல் தொடங்கிய இரண்டாவது சோதனையில் கிளெவர்டன் அடித்தளத்தையே மாற்றினார். அண்மையில் கட்டுரை வெளியிட்ட ஆய்வாளர்களுக்கு எழுதி, அக்கட்டுரைக்குக் காரணமான ஆய்வுச் சிக்கலைக் கேள்வி வடிவில் தரும்படி வேண்டினார். இம்முறை தேவையிலிருந்து கேள்வி பிறந்தது. தொகுப்பு 1,400 ஆவணங்களாகச் சுருங்கியது. அதற்குக் காரணமும் உண்டு. கிரான்ஃபீல்டின் முதுநிலை மாணவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லா ஆவணங்களையும் பார்வையிட்டு, பொருந்தக்கூடியவற்றைப் பொறுக்கினர். 200-க்கும் மேற்பட்ட கேள்விகளை 1,400-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,80,000-ஐத் தாண்டும். இறுதித் தீர்ப்பைக் கேள்வி கேட்டவரே வழங்கினார். கேட்பவர் ஒருவர், தேடுபவர் மற்றொருவர்; எது பொருத்தம் என்று தீர்ப்பதோ கேட்டவரின் உரிமை. இன்று நாம் சோதனைத் தொகுப்பு என்றழைக்கும் கட்டமைப்பு இதுதான்: மாறாத ஆவணங்கள், மாறாத கேள்விகள், முன்கூட்டியே பதிவான தீர்ப்புகள்.

அளவைகளும் தெளிவு பெற்றன. தேவையானவற்றுள் எத்தனை கைக்கு வந்தன என்பது மீட்பு வீதம். வந்தவற்றுள் எத்தனை தேவையானவை என்பது துல்லியம். வலையை அகல விரித்தால் முன்னது உயரும், பின்னது தாழும். ஓர் எண்ணை மட்டும் காட்டி வெற்றி பெற்றதாகக் கூறும் கட்டுரையை ஐயத்தோடு வாசிக்க வேண்டும் என்பதை நான் கற்றது இங்கிருந்துதான்.

1966-ல் முடிவுகள் வெளியாயின. 33 சுட்டு மொழிகளை ஒப்பிட்டதில் மேலே நின்றவை நுணுக்கமான வகைப்பாடுகள் அல்ல. ஆவணத்தின் இயல்பான தனிச்சொற்களே முன்னணியில் நின்றன. அவற்றின் விகுதி வேறுபாடுகளை மட்டும் ஒன்றாக்கியது முதலிடம் பெற்றது. அறிக்கை எழுதியவர்களே இதனால் வியப்புற்றதாக ஒப்புக்கொண்டனர்.    ஆய்வு நேர்மை என்று பாடநூல்கள் அருவமாகப் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அப்படியானால் ரங்கநாதன் தோற்றாரா? தமிழ் நண்பர்கள் சிலர் இக்கதையைக் கேட்டதும் முகம் வாடுகின்றனர். ஒரு சோதனை தன்னிடம் கேட்கப்பட்டதற்கு மட்டுமே விடையளிக்கும். தகவல் மீட்பு அனைத்துக்கும் பன்முகப் பகுப்பே அடிப்படை என்ற பெருங்கூற்றைக் கிரான்ஃபீல்டு அசைத்தது. அறிவை ஒழுங்குபடுத்தி உலாவ அப்பகுப்பு பயன்படுமா என்பதை அது சோதிக்கவில்லை. இன்று இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டிப் பொருள் தேடும்போது நாம் முகங்களின் வழியாகத்தான் செல்கிறோம். முடிவின் எல்லையை முடிவோடு சேர்த்தே சொல்லப் பழகுவதும் ஆய்வு முறையின் ஒரு பகுதி.

அந்த 1,400 ஆவணங்கள் கிரான்ஃபீல்டோடு நின்றுவிடவில்லை. கார்னெலில் ஜெரார்டு சால்ட்டனின் குழு அவற்றைக் கணினியில் ஏற்றிப் பயன்படுத்தியது. சொற்களின் அரிதான தன்மைக்கேற்ப எடையிடும் முறையைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் முன்வைத்தபோது, சோதித்த தொகுப்புகளுள் ஒன்று கிரான்ஃபீல்டினுடையது. 1992-ல் அமெரிக்காவில் தொடங்கிய ட்ரெக் மதிப்பீட்டு அரங்கும், இந்திய மொழிகளுக்காக 2008-ல் தொடங்கிய ஃபயர் அரங்கும் இம்மரபின் வாரிசுகளே.

ஆயினும் பழைய பிழை ஓயவில்லை. 2016-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வெளியான ஸ்குவாட் தொகுப்பின் 1,00,000-க்கும் மேற்பட்ட கேள்விகள், பத்தியைப் பார்த்தே எழுதப்பட்டவை. 2020-ல் வெளியான டைடி கியூஏ தொகுப்பு, விடையை அறியாதவர்களிடம் கேள்விகளைப் பெற்று அக்குறையைத் தவிர்க்க முயன்றது. அதில் தெலுங்கும் வங்காளமும் உண்டு, தமிழ் இல்லை.

மொழியியலிலிருந்து வருவோருக்கு இதில் தனியொரு எச்சரிக்கை இருக்கிறது. ஒரு தொடர் இலக்கணத்துக்கு ஏற்றதா என்று தாய்மொழியாளர் தம்மையே கேட்டுச் சொல்வதை எங்கள் துறை சான்றாக ஏற்கிறது. அதே பழக்கத்தை இங்குக் கொண்டுவந்தால், கேள்வி கேட்பவராகவும் விடை தேடுபவராகவும் தீர்ப்பாளராகவும் ஒருவரே அமர்ந்துவிடுகிறோம். நான் செய்தது அதுதான்.

என் முதல் அட்டவணையை அழிக்கவில்லை. புதிய முடிவுக்குப் பக்கத்திலேயே அதை வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட வீழ்ச்சியை ஆய்வேட்டின் ஓர் இயலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், கேள்வியை யாரிடம் பெறுகிறோம் என்பது முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு அந்த வீழ்ச்சியே என்னிடமுள்ள சான்று.

இவ்வாண்டு ஆய்வில் சேர்ந்துள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறையில் அனைவரும் பயன்படுத்தும் சோதனைத் தொகுப்பு ஒன்றை எடுத்து, அதை உருவாக்கியவர்களின் மூலக் கட்டுரையை வாசியுங்கள். கேள்விகளை யார் கேட்டார்கள், விடைகளை யார் தீர்த்தார்கள், எதைத் தவிர்க்க அவ்வாறு செய்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் இவ்வாறு நீங்கள் கண்டவற்றை இங்கே எழுதினால் என் இயலுக்கும் பயன்படும், நன்றியோடு வாசிப்பேன்.