சிறு ஒறுத்தல்கள்

கிறிஸ்தவர் ஒருவர் தமக்குத் தடையில்லாத ஒரு சிறு இன்பத்தைக் கடவுள்பொருட்டுத் தாமாகவே விட்டுவிடும் பழக்கம் சிறு ஒறுத்தல் எனப்படும். காப்பியில் சர்க்கரையை விடுவதும், நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்கிவிடுவதும் இதில் அடங்கும். பாவத்தை விடுவது அடங்காது, அது கடமை. தமிழ்க் கத்தோலிக்கரிடையே 'பரித்தியாகம்' என்ற சொல்லும் உண்டு. இறைச்சியைத் தவிர்ப்பது 'சுத்தபோசனம்'. ஒரு வேளை முழுச்சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வது 'ஒருசந்தி'.

புதனும் வெள்ளியும் நோன்பிருக்கும் வழக்கத்தைத் தொடக்ககாலத் திருச்சபையின் 'திதாக்கே' நூலிலேயே காணலாம். நான்காம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைவனத் துறவிகளின் ஒறுத்தல் மிகப் பெரிது. சாதாரணக் குடும்பத்தானால் ஆகாதது. அளவைக் குறைத்தவர்களுள் முக்கியமானவர் புனித பெனடிக்ட். ஆறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ஒழுங்குநூலின் 49ஆம் அதிகாரம், தவக்காலத்தில் உணவு, பானம், தூக்கம், பேச்சு, கேலி ஆகியவற்றில் சிறிதைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் மடத்துத் தலைவருக்குச் சொல்லாமல் செய்தால் அது வீண்பெருமை. ஒறுத்தலில் தற்பெருமை ஒளிந்திருக்கும் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

விருப்பமாக இருந்தது சட்டமானபோது எதிர்ப்பு வந்தது. 1522ஆம் ஆண்டில், இறைச்சி விலக்கப்பட்டிருந்த தவக்காலத்தில், சூரிக் நகர அச்சகத்தார் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் தொத்திறைச்சி சாப்பிட்டார்கள். வேலைப்பளு மிகுந்த தம் ஆட்களுக்குக் கஞ்சி மட்டும் போதாது என்பது அவர் தரப்பு. உடனிருந்த மதச் சீர்திருத்தவாதி உல்ரிக் ஸ்விங்லி சாப்பிடவில்லை. ஆனாலும் உண்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று பின்னர் பிரசங்கித்தார்.

சிறு ஒறுத்தலுக்கு இன்றுள்ள முகத்தைத் தந்தவர் லிசியே நகரின் புனித தெரேசா (1873–1897), நம்மூரில் 'சிறுமலர்'. அவருக்கு நான்கு வயதளவில் அக்கா மரி மணிகள் கோத்த ஒரு கயிற்றைக் கொடுத்தார். ஒன்றை விட்டுக்கொடுத்தால் ஒரு மணியை இழுத்துவிட வேண்டும். குழந்தை நாள் முழுக்கப் பைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்ததைத் தாய் தம் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். 1884இல் முதல் நற்கருணைக்குத் தயாரிக்க, அதற்குள் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்ட இன்னொரு அக்கா பொலின் ஒரு குறிப்பேடு அனுப்பினார். சுமார் பத்து வாரத்தில் தெரேசா அதில் பதிந்தது 818 ஒறுத்தல்கள். வணிகர் வீட்டுக் கணக்குப்பிள்ளை தோற்றார்.

மடத்தில் சேர்ந்தபின் அவர் செய்தவை கணக்கில் ஏறாத வகை. துணி துவைக்கையில் எதிரிலிருந்த சகோதரி ஒவ்வொரு அடிக்கும் அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்கவிட்டார். பின்வாங்கி முகம் துடைத்தாலே அந்தச் சகோதரிக்குப் புரிந்திருக்கும். தெரேசா அசையவில்லை. 1895இல் எழுதிய அர்ப்பண செபத்தில், வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு வருவதாகக் கடவுளிடம் சொல்கிறார். 818 எண்ணிய அதே கைதான்.

சீர்திருத்தச் சபைகளின் பக்கம், மிச்சம் பிடித்ததைப் பிறருக்குக் கொடுப்பதே முதன்மையாயிற்று. 1886இல் ஓராண்டு புட்டிங் சாப்பிடாமல் சேரும் காசைத் தருவதாக இரட்சணிய சேனையின் ஜான் கார்ல்டன் சொல்ல, நிறுவனர் வில்லியம் பூத் அதை எல்லோருக்குமான ஒரு வார ஒறுத்தலாக மாற்றினார். மிசோரத்தில் பெண்கள் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கு எடுத்துவைப்பது 1910 முதல் நடந்துவருகிறது. இதில் விடுபவருக்குப் பசியே தெரியாது, சபை வளர்கிறது. இதையும் ஒறுத்தல் என்பதா என்று கேட்க இடமுண்டு.

1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் கத்தோலிக்க நோன்புச் சட்டங்களைத் தளர்த்தினார். இப்போது ஒருசந்தி சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே கட்டாயம். மற்ற ஒறுத்தல்கள் பெரும்பாலும் அவரவர் தேர்வு. கைபேசியை ஓரமாக வைப்பது அண்மைய சேர்க்கை.

தெரேசாவின் மணிக்கயிறு இன்றும் உண்டு. பெரும்பாலும் பத்து மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கயிறு எதிரெதிர்த் திசையில் இருமுறை நுழைவதால், இழுத்த மணி இழுத்த இடத்திலேயே நிற்கும். படுக்கப்போகுமுன் எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே தள்ளிவிட வேண்டும்.