வட்டாரக் கூட்டுச் சிறை

அமெரிக்காவில் பல கவுன்டிகளும் நகரங்களும் தனித்தனியே சிறை வைத்துக்கொள்ளாமல், செலவைப் பங்கிட்டுக் கட்டி ஒரே நிர்வாகத்தின் கீழ் நடத்தும் சிறைக்கு வட்டாரக் கூட்டுச் சிறை என்று பெயர். கவுன்டி என்பதை நம்மூர் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட ஆட்சிப் பிரிவு எனக் கொள்ளலாம். வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய இரண்டு மாநிலங்களில்தான் இம்முறை ஆழமாக வேரூன்றியது. ஒஹையோ முதலிய வேறு சில மாநிலங்களிலும் உண்டு.

நாம் ஜெயில் என்றாலும் சிறை என்றாலும் ஒன்றுதான். அமெரிக்கர்கள் இரண்டு சொற்களை வேறுபடுத்திப் பேசுகிறார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்களை மாநில அரசோ கூட்டாட்சி அரசோ வைத்திருக்கும் இடம் பிரிசன். கைதானவர்களும், ஜாமீன் கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிகளும், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் இருக்குமிடம் ஜெயில். கூட்டுச் சிறை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளில் ஏறத்தாழ 6,63,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மத்திய சிறையானாலும் கிளைச் சிறையானாலும் மாநிலச் சிறைத்துறையின் பொறுப்பு. இந்தக் கைதிக்கு எந்த ஊர் காசு கொடுப்பது என்ற வழக்கு இங்கே எழுவதில்லை. அமெரிக்க உள்ளூர்ச் சிறையின் வரலாறோ அந்த வழக்கைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஷெரிஃபின் சிறை

கவுன்டிச் சிறை இங்கிலாந்திலிருந்து வந்த ஏற்பாடு. அங்கே சிறைக் காப்பாளருக்குச் சம்பளம் கிடையாது; கைதிகளிடம் வாங்கும் கட்டணமே வருமானம். 1773-இல் பெட்ஃபர்ட்ஷயரின் ஷெரிஃப் பதவியை ஏற்ற ஜான் ஹோவர்ட், குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர்களும் காப்பாளருக்குக் கட்டணம் செலுத்த முடியாமல் மறுபடி உள்ளே அடைக்கப்படுவதைக் கண்டார். ஊர் ஊராகச் சென்று பார்த்து, இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலையை 1777-இல் நூலாக வெளியிட்டார். சிறைக் காய்ச்சல் என்று அன்று அழைக்கப்பட்ட டைஃபஸ் நோய், தூக்குமேடையைவிட அதிகம் பேரைக் கொன்றது என்பது அவர் கண்ட உண்மை. அவர் சாட்சியத்தின் பயனாக 1774-இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது: ஒன்று விடுதலையானோரிடம் கட்டணம் கேட்பதைத் தடுத்தது, மற்றது கைதிகளின் உடல்நலம் பற்றியது. காசும் நோயும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் முயற்சியால் சட்டத்துக்குள் வந்தன. அவை இரண்டும் பிரிக்க முடியாதவை என்பதை ஹோவர்ட் அன்றே புரிந்துகொண்டிருந்தார்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இந்தக் கவுன்டிச் சிறையையும் ஷெரிஃபையும் அப்படியே எடுத்துக்கொண்டன. ஷெரிஃப் அங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. பிடிப்பவரும் அவரே, அடைத்து வைத்துச் சோறு போடுபவரும் அவரே. அலபாமா மாநிலத்தில், கைதிகளின் உணவுக்கென அரசு தரும் பணத்தில் மிச்சம் பிடிப்பதை ஷெரிஃப் தமக்கே வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய விதி அண்மைக்காலம் வரை இருந்தது. 2009-இல் மோர்கன் கவுன்டியின் ஷெரிஃப் இப்படி மூன்றாண்டுகளில் சுமார் 2,12,000 டாலர் மிச்சம் பிடித்திருந்தது வெளிப்பட, கூட்டாட்சி நீதிபதி அவரையே ஓர் இரவு சிறையில் வைத்தார். விதி முற்றாக மாற 2019 வரை ஆனது.

நீதிமன்றம் தட்டிய கதவு

சிறிய கவுன்டிச் சிறைகளில் மருத்துவம் என்று சொல்லும்படி எதுவும் இருந்ததில்லை. 1972-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறைகளில் கணக்கெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்கு சிறைகளில் முதலுதவிக்கு மேல் எதுவும் இல்லை எனத் தெரிந்தது. சிறை மருத்துவத்துக்கு அளவுகோல் வகுக்கும் முயற்சி அதிலிருந்து தொடங்கி, 1983-இல் சிறை நலவாழ்வுக்கான தேசிய ஆணையமாக உருப்பெற்றது. அது அரசு அமைப்பு அல்ல; சிறைகள் தாமாக முன்வந்து அதன் அங்கீகாரத்தைப் பெறுகின்றன.

இதற்கிடையே டெக்சாஸ் சிறையில் பஞ்சுப் பொதி விழுந்து முதுகு அடிபட்ட ஒரு கைதி, தனக்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்று கையால் எழுதிப் போட்ட மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. எஸ்டெல் எதிர் கேம்பிள் என்ற அந்த வழக்கில் 1976-இல் தீர்ப்பு வந்தது. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தும் பொருட்படுத்தாமல் விடுவது, அரசியலமைப்பின் எட்டாம் திருத்தம் தடை செய்யும் கொடிய தண்டனைக்குச் சமம் என்றது நீதிமன்றம். மனு போட்டவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. அவர் பெயரால் நிலைத்த கொள்கை பிறகு பல்லாயிரம் பேருக்குத் துணையானது. அமெரிக்காவில் மருத்துவம் பெறும் உரிமையை அரசியலமைப்பே தருவது கைதிகளுக்கு மட்டும்தான் என்று அங்கே சொல்வதுண்டு. 1979-இல் பெல் எதிர் வுல்ஃபிஷ் வழக்கு, தண்டனை பெறாத விசாரணைக் கைதியைத் தண்டிக்கவே கூடாது என்ற வரம்பை உறுதி செய்தது.

செலவு யாருடையது என்ற கேள்வி 1983-இல் நேராகவே வந்தது. போலீஸ் சுட்டுக் காயமடைந்த ஒருவருக்கு மருத்துவம் பார்த்த மாசசூசெட்ஸ் மருத்துவமனை, ரெவியர் நகரிடம் பணம் கேட்டது. காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது அரசின் கடமை, பணம் யார் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் கைகழுவியது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடும் உதவவில்லை. 1965-இல் அது தொடங்கியபோதே, சிறைக்குள் இருப்பவருக்குப் பணம் தராது, வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாகப் படுத்தால் மட்டுமே தரும் என்ற விலக்கு எழுதப்பட்டிருந்தது. ஆக, கடமை நிச்சயம். காசு அந்தந்தக் கவுன்டியின் தலையில். இருபது முப்பது கைதிகளைக் கொண்ட ஒரு மலைக் கவுன்டி மருத்துவரையும் இரவு நேரச் செவிலியரையும் எங்கிருந்து வைத்துக்கொள்ளும்?

கூட்டுச் சேர்ந்தது எப்படி

விடை, சேர்ந்து கட்டுவது. வர்ஜீனியாவில் நகரங்கள் கவுன்டிக்குள் அடங்காதவை. 95 கவுன்டிகளும் 38 தனி நகரங்களும் அங்கே அக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆல்பமார்ல் கவுன்டியும் சார்லட்ஸ்வில் நகரமும் 1970களிலேயே ஒரே சிறையைப் பகிர்ந்துகொண்டன. பிறகு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளாட்சிகள் சேர்ந்து கட்டினால் கட்டுமானச் செலவில் பாதிவரை மாநிலமே திருப்பித் தரும் என்ற சட்டம் வந்ததும் கூட்டுச் சிறைகள் பெருகின. 1995 தொடக்கத்திலிருந்து தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையோடு விடுவிக்கும் பரோல் முறையை மாநிலம் ஒழித்ததால் படுக்கைகளின் தேவையும் கூடியது. ரிவர்சைட் வட்டாரச் சிறையில் ஏழு உள்ளாட்சிகள் பங்காளிகள்.

இச்சிறைகளை ஷெரிஃப் நடத்துவதில்லை. உறுப்பு உள்ளாட்சிகளின் பிரதிநிதிகள் அடங்கிய சிறை வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எத்தனை நாள் இருந்தார்களோ அதற்கேற்ப அந்த ஊர் தலைக்கட்டணம் செலுத்துகிறது. வாக்குக் கேட்கும் ஷெரிஃபை விலக்கித் தொழில்முறை நிர்வாகியை வைப்பது நல்ல சீர்திருத்தமே. ஆனால் இங்கே ஓர் இழப்பும் நேர்ந்தது. ஷெரிஃபின் சிறையில் ஒருவர் இறந்தால் மக்கள் யாரைக் கேட்பது என்று தெரியும். ஐந்து ஊர் சேர்ந்த வாரியத்தில் அந்தப் பொறுப்பு ஐந்தாகச் சிதறிவிடும்.

மேற்கு வர்ஜீனியா வேறு வழியில் போனது. நீதிமன்றங்கள் கவுன்டிச் சிறைகளின் சீர்கேட்டைக் கண்டித்த பின்னணியில், 1985-இல் மாநிலச் சட்டமன்றம் வட்டாரச் சிறை ஆணையத்தை அமைத்தது. 55 கவுன்டிகளுக்கும் சேர்த்து பத்துச் சிறைகள். முதலாவது 1989-இலும் கடைசியாக டைகார்ட் வேலிச் சிறை 2005-இலும் திறக்கப்பட்டன. கவுன்டி, ஒரு கைதிக்கு ஒரு நாளுக்கு 48.25 டாலர் வீதம் நெடுங்காலம் கட்டி வந்தது. நிலக்கரி வருவாய் வற்றிய சிறு கவுன்டிகள் இந்தப் பில்லுக்கே திணறின. 2018-இல் சிறைகள் மாநிலத் திருத்தத்துறையில் இணைக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் காவலர் பற்றாக்குறையால் ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்து, தேசியக் காவற்படையினரைச் சிறை வேலைக்கு அனுப்பும் நிலை வந்தது.

உள்ளே ஒரு நாள்

கைதானவரை ரோந்துக் கார் கொண்டுவந்து விடும்போது வேலை தொடங்குகிறது. சோதனையிட்டு, உடைமைகளைப் பட்டியல் போட்டு உறையிலிட்டு, கைரேகையும் படமும் எடுக்கிறார்கள். அடுத்து வருவதுதான் உயிர் காக்கும் கட்டம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது குடித்தீர்கள், தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று கேட்க வேண்டும். உள்ளூர்ச் சிறைகளில் மரணத்துக்கு முதன்மைக் காரணம் தற்கொலை. அதில் கணிசமானவை உள்ளே வந்த முதல் சில நாட்களில் நடப்பவை. பெருங்குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். ஓபியாய்டு போதையிலிருந்து விடுபடுபவர் வாந்தி பேதியால் உடல் வறண்டு சாகலாம். கேள்வி கேட்பவர் களைத்துப்போன காவலரா, நேரம் எடுத்துக் கேட்கும் செவிலியரா என்பதில் இருக்கிறது வேறுபாடு. முழு மருத்துவப் பரிசோதனை பதினான்கு நாட்களுக்குள் நடக்க வேண்டும் என்பது தேசிய ஆணையத்தின் அளவுகோல்.

பிறகு வகைப்படுத்தி அறைத்தொகுதிக்கு அனுப்புகிறார்கள். நோய் என்றால் சீட்டு எழுதிப் போட வேண்டும். பல சிறைகளில் அதற்குச் சில டாலர் கட்டணம், கைதியின் கணக்கில் பிடிக்கப்படும். வர்ஜீனியாவில் தங்கும் செலவுக்கென நாளொன்றுக்கு மூன்று டாலர் வரை வசூலிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஹோவர்ட் கண்ட கட்டணம் வேறு உடுப்பில் திரும்பியிருக்கிறது. மருத்துவப் பணியைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எடுக்கின்றன. ஒப்பந்தம் ஒரே தொகைக்கு என்றால், வெளி மருத்துவமனைக்கு அனுப்பும் ஒவ்வொரு கைதியும் அந்த நிறுவனத்துக்கு நஷ்டக் கணக்கு. இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த எனக்குத் தெரிந்த வாதம் எதுவும் இல்லை.

கூட்டுச் சிறை ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும். வழக்கறிஞர் அரை நாள் ஒதுக்க வேண்டும். கார் இல்லாத தாய் மகனைப் பார்க்கத் திரைவழிச் சந்திப்பையும் தொலைபேசியையும் நம்ப வேண்டும். அந்த அழைப்புகளின் விலைக்கு வரம்பிடும் அதிகாரத்தைக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு உறுதிசெய்த சட்டம் 2023 ஜனவரியில்தான் கையெழுத்தானது.

ஹாம்ப்டன் ரோட்ஸ்

வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத் நகரில் 1998-இல் திறக்கப்பட்ட ஹாம்ப்டன் ரோட்ஸ் வட்டாரச் சிறை இந்த வரலாற்றின் துயரமான பக்கம். நார்ஃபோக், ஹாம்ப்டன், நியூபோர்ட் நியூஸ் முதலிய பங்காளி நகரங்கள் தத்தம் சிறைகளையும் வைத்துக்கொண்டிருந்தன. உடல்நோயும் மனநோயும் முற்றிய கைதிகளைக் கூட்டுச் சிறைக்கு அனுப்பின. பராமரிப்புக்காகக் கட்டிய இடம், பராமரிக்கக் கடினமானவர்களைத் தள்ளிவிடும் இடமானது.

2015 ஏப்ரலில், கடையில் ஐந்து டாலர் மதிப்புள்ள தின்பண்டமும் பானமும் எடுத்ததாக, மனநோயுள்ள 24 வயது இளைஞர் கைதானார். அவரை மாநில மனநல மருத்துவமனைக்கு அனுப்பும்படி நீதிபதி உத்தரவிட்டார். உத்தரவு மருத்துவமனையில் ஒரு மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. நான்கு மாதங்கள் சிறையில் மெலிந்து மெலிந்து, ஆகஸ்ட் 19 அன்று அறையில் இறந்துகிடந்தார். உடல் நலிவோடு கூடிய இதயத் துடிப்புக் கோளாறு என்றது பிரேதப் பரிசோதனை. அடுத்த ஆண்டு அதே ஆகஸ்டில், உதவி கேட்டு அவசர மனு எழுதிய இன்னொரு கைதி அங்கே இறந்தார்.

இதன் பிறகு 2017-இல், சிறை மரணங்களை ஆராயும் அதிகாரம் வர்ஜீனியாவின் மாநிலச் சிறை வாரியத்துக்குக் கிடைத்தது. கூட்டாட்சி நீதித்துறை 2016 டிசம்பரில் தொடங்கிய விசாரணை, 2018 டிசம்பரில் அச்சிறை மருத்துவத்திலும் மனநலப் பராமரிப்பிலும் கைதிகளின் அரசியலமைப்பு உரிமையை மீறியது என்ற முடிவுக்கு வந்தது. 2020-இல் சீர்திருத்தத்துக்கான ஒப்பந்த ஆணையை நீதிமன்றம் ஏற்றது. போதிய காவலர்களும் செவிலியரும் கிடைக்காமல் அது நிறைவேறத் தடுமாறியது.

மெடிக்கெய்ட் விலக்கில் முதல் விரிசல் 2023 ஜனவரியில் விழுந்தது: விடுதலைக்கு முந்தைய 90 நாட்கள் வரை சிறைக்குள்ளேயே சில சிகிச்சைகளுக்குப் பணம் தரக் கலிபோர்னியாவுக்கு அனுமதி கிடைத்தது, வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஹாம்ப்டன் ரோட்ஸ் அதற்குக் காத்திருக்கவில்லை. பங்காளி நகரங்கள் தம் கைதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள, 2024 வசந்த காலத்தில் சிறை மூடப்பட்டது.