டிபிஎன்பிஏ: குளிர்நீரில் வேதிச்சிதைவு

ஆலைகளின் கூலிங் டவர்களில் சுழலும் நீரில் பாக்டீரியாக்களை அழிக்க இடப்படும் உயிர்க்கொல்லி டிபிஎன்பிஏ. முழுப்பெயர் 2,2-டைபுரோமோ-3-நைட்ரிலோபுரோப்பியோனமைடு. செல்லுக்குள் உள்ள தயோல் தொகுதிகளோடு வினைபுரிந்து அதன் இயக்கத்தை முடக்குகிறது. விரைந்து கொல்லும், விரைந்து சிதையவும் செய்யும்.

சிதைவின் வேகத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது நீரின் பிஎச். 25 டிகிரி செல்சியஸில் இதன் அரை ஆயுள் பிஎச் 6-இல் ஏறத்தாழ 155 மணி நேரம், 7.3-இல் 9 மணி நேரம். 8-இல் 2 மணி நேரம். 9-ஐ நெருங்கும்போது சுமார் 20 நிமிடம். வெப்பம் கூடினால் இந்த நேரம் மேலும் குறையும். வெயிலும் சிதைவைத் தூண்டும்.

துருப்பிடிப்பைத் தடுக்கக் குரோமேட் கலந்த பழைய முறையில் அமிலம் சேர்த்து நீரின் பிஎச்சைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். குரோமேட் புற்றுநோய் விளைவிப்பது. கட்டடங்களின் குளிர்சாதனக் கோபுரங்களில் அதைப் பயன்படுத்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-இல் தடை விதித்தது. அதற்குப் பதிலாகப் பரவிய காரமுறைச் சிகிச்சையில் பிஎச் 8-க்கு மேல் நிற்பது வழக்கம். அந்த நீரில் நாள் முழுதும் சொட்டுச் சொட்டாக டிபிஎன்பிஏ விடுவது வீண் செலவே. கொல்லும் செறிவு சேருமுன் மருந்து சிதைந்துபோகிறது. ஒரே தவணையில் மொத்தமாக இடுவதுதான் சரியான முறை.

சிதைவுக்கு இரண்டு பாதைகள் உண்டு. கார நீரில் நீராற்பகுப்பு நடந்து டைபுரோமோஅசிட்டோநைட்ரைல் உருவாகிறது. அது டைபுரோமோஅசிட்டமைடாகவும், பின்னர் டைபுரோமோஅசிட்டிக் அமிலமாகவும் மாறுகிறது. சல்பைடு, சல்பைட்டு போன்ற ஒடுக்கும் பொருள்கள் இருந்தாலோ, ஒளி பட்டாலோ புரோமின் அணுக்கள் கழன்று சயனோஅசிட்டமைடு எஞ்சுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குளிர்விப்பான் குழாய் கசிந்து ஹைட்ரஜன் சல்பைடு நீரில் கலந்தால், கிருமியைத் தொடுவதற்கு முன்பே மருந்து அதனோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். அங்கே அளவைக் கூட்டிப் பயனில்லை. கசிவை அடைக்க வேண்டும்.

சிதைந்துவிட்டது என்பதாலேயே நீர் தீங்கற்றதாகிவிடாது. முதற்பாதையில் தோன்றும் டைபுரோமோஅசிட்டோநைட்ரைல் நீர்வாழ் உயிர்களுக்கு டிபிஎன்பிஏ-வைவிட நச்சு மிகுந்தது. எனவே மருந்திட்டதும் நீரை வெளியேற்றும் ப்ளோடவுன் வால்வை மூடி, சிதைவு தொடர்வதற்கு நேரம் விட வேண்டும். நீரை உடனே வெளியேற்ற நேர்ந்தால், சோடியம் பைசல்பைட்டு சேர்த்து, எஞ்சிய மருந்தைச் செயலிழக்கச் செய்த பிறகே வெளியே விட வேண்டும்.